எங்கள் அத்தை ஒரு மாத்திரையும் தவறவிடவில்லை

செய்தி வந்தபோது நான் யூனிட்டில் ஊதுபத்திக்கு உறை போட்டுக்கொண்டிருந்தேன். காலை பத்தரை மணி இருக்கும். ஆஸ்பத்திரியில் அத்தைக்குப் பக்கத்துக் கட்டிலில் இருந்த வேறொரு அம்மாவின் மகள்தான் போன் செய்தாள். "மஞ்சு, நீ சீக்கிரம் வா" என்று மட்டும் சொன்னாள். முந்தின நாட்களில் அவள் போன் செய்தபோதெல்லாம் "போர்வை எடுத்துட்டு வா", "வெந்நீர் பாட்டில் எடுத்துட்டு வா" என்று ஏதாவது ஒன்று இருக்கும். அன்றைக்கு எதையும் எடுத்து வரச் சொல்லவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது.

சூப்பர்வைசர் சிவண்ணா என் முகத்தைப் பார்த்து, "அத்தைக்கா?" என்று கேட்டார். தலையாட்டினேன். "ஹோகம்மா, போ. இதை நான் பார்த்துக்கறேன்" என்றார். திரும்பிப் பார்த்தபோது அத்தை உட்காரும் பலகைக்கு முன்னால் அவர் நின்றுகொண்டிருந்தார். மூன்று மாதமாக அந்தப் பலகை காலி. புதிதாக வந்த யாரையும் அவர் அதில் உட்காரவைக்கவில்லை.

மறுநாள் அடக்கம் முடிந்து ஆண்கள் வீட்டுக்கு வந்தார்கள். வாசல் குழாயில் கால் கழுவிக்கொண்டே, ஊரிலிருந்து வந்த உறவுக்காரர் ஒருவர் அப்பாவிடம் சொன்னார்: "நல்ல பொம்பள. என்ன பண்றது, அந்த மாத்திரைய ஒழுங்காப் போட்டிருந்தா இன்னும் இருவது வருசம் இருந்திருக்கும்." அப்பா பதில் சொல்லவில்லை. பக்கத்தில் சொம்பைப் பிடித்துக்கொண்டு நின்ற நானும் சொல்லவில்லை.

அன்று வாயைத் திறக்காததற்காகத்தான் இதை எழுதுகிறேன். நாலு பேர் நடுவில் எனக்குப் பேச வராது. எழுத ஓரளவு வரும். ஏழாம் வகுப்பு வரை ஊரில் தமிழில் படித்தேன். மைசூருக்கு வந்து கன்னடத்தில் ஒன்பதோடு நின்றுவிட்டேன். பதினாறாம் நாள் படையலுக்கு வருகிற உறவுக்காரர்களுக்கும் யூனிட் ஆட்களுக்கும் இதை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுக்கப்போகிறேன். அத்தையைத் தெரிந்தவர்கள் படியுங்கள். தெரியாதவர்கள் கட்டாயம் படியுங்கள்.

எங்கள் அத்தை பழனியம்மாளுக்கு எச்.ஐ.வி. இருந்தது. இதை வெளியில் சொல்ல நீ யார் என்று சிலர் கேட்பீர்கள். அத்தையே சொல்லச் சொன்னார். எப்போது சொன்னார் என்பதைப் பின்னால் எழுதுகிறேன்.

அத்தை என் அப்பாவின் தங்கை. ராமாபுரத்துப் பக்கம் பிறந்தவர். மாமா கருங்கல் குவாரியில் வேலை பார்த்தார். கல்யாணமாகி ஆறு வருடத்தில் மாமா இறந்தார். அப்போது எடுத்த ரத்தப் பரிசோதனையில்தான் அத்தைக்கும் இருப்பது தெரிந்தது. எப்படி வந்தது என்று கேட்டவர்கள் உண்டு. "சளிக்காய்ச்சல் வந்தவங்கள நிக்கவெச்சு எப்படி வந்துச்சுன்னு கேக்கறீங்களா? என்னைய மட்டும் ஏனுங்க கேக்கறீங்க?" என்று திருப்பிக் கேட்பார். அதற்குமேல் ஒருவரும் நிற்க மாட்டார்கள்.

பல வருடம் கழித்து, நாங்கள் மைசூருக்கு வந்தபோது, எங்கள் லைன் வீட்டுக்கே வந்துவிட்டார். ஊதுபத்தி யூனிட்டில் சேர்ந்தார். அவருடைய கையைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். ஒரு பாக்கெட்டுக்கு இருபது குச்சி. மற்றவர்கள் எண்ணிப் போடுவோம், இல்லையென்றால் தராசில் வைப்போம். அத்தை குவியலில் கையை விட்டு ஒரு பிடி எடுப்பார். இருபது இருக்கும். பேசிக்கொண்டே எடுப்பார், சிரித்துக்கொண்டே எடுப்பார், இருபதுதான் இருக்கும்.

சிவண்ணா முதலில் நம்பவில்லை. "இது சும்னே, சும்மா அதிர்ஷ்டம். பத்துப் பிடி எடு, நான் எண்றேன். ஒண்ணு தப்பினாலும் எல்லாருக்கும் நீ காபி" என்றார்.

"தப்பலைன்னா?"

"நான் வாங்கித் தர்றேன்."

"காபியோட மத்தூர் வடையும் சேத்துக்கங்க சிவண்ணா. எண்ணியெண்ணி உங்களுக்கே பசிக்கும்."

பத்துப் பிடி. பத்திலும் இருபது. சிவண்ணா இரண்டு முறை எண்ணிவிட்டு வடை வாங்க ஆள் அனுப்பினார். அதற்குப் பிறகு அத்தை கட்டிய பாக்கெட்டுகளை யாரும் தராசில் வைத்ததில்லை. அந்தக் கையைத்தான் பின்னாளில் ஒருவர், எண்ணிக்கையில் ஏமாற்றுகிற கை என்றார்.

அரசாங்கத்து ஏ.ஆர்.டி. சென்டரில் மாதாமாதம் இலவசமாக எச்.ஐ.வி. மாத்திரை கொடுப்பார்கள். ஒரு பாட்டிலில் முப்பது. தினம் ஒன்று. கூடவே பச்சை அட்டை போட்ட ஒரு சிறு புத்தகம். என்ன மாத்திரை, எத்தனை கொடுத்தார்கள், எடை எவ்வளவு, எல்லாம் அதில் எழுதுவார்கள். அந்தப் பச்சைப் புத்தகத்தை அத்தை முன்பெல்லாம் மறைத்ததில்லை. ஒருமுறை பித்தப்பைக் கல்லுக்காக வேறொரு ஆஸ்பத்திரியில் சேர்ந்தபோது, கேட்பதற்கு முன்பே எடுத்து நீட்டினார். டாக்டருக்குத் தெரிந்தால்தானே நல்லது என்று நினைத்தார். அரைமணி நேரத்தில் அவருடைய கட்டிலில் ஒரு சிவப்புக் காகிதம் ஒட்டினார்கள். சாப்பாட்டுத் தட்டைக் கட்டிலுக்கு இரண்டடி தள்ளித் தரையில் வைத்தார்கள். ஆபரேஷனை மூன்று முறை தள்ளிப்போட்டார்கள். வார்டு முழுக்க எழுந்து உட்கார்ந்து அத்தையைப் பார்த்தது.

வீட்டுக்கு வந்ததும் அத்தை அந்தப் புத்தகத்தை ஒரு பையில் போட்டுச் சுற்றி, அரிசி டிரம்முக்குப் பின்னால் வைத்தார். "இது இனிமே ஒரே ஒரு எடத்துலதான் வெளிய வரும் கண்ணு" என்றார். மாத்திரை பாட்டிலின் லேபிளை நகத்தால் சுரண்டி எடுத்தார். குலுங்கினால் சத்தம் வரக்கூடாதென்று உள்ளே பஞ்சு வைத்தார். தினமும் காலை எட்டு மணிக்குப் போனில் அலாரம். அதற்கு 'பால்' என்று பெயர் போட்டிருந்தார். பக்கத்து வீட்டுப் பெண், "எங்களுக்கெல்லாம் ஆறு மணிக்கே பால் வருது, உங்களுக்கு மட்டும் என்ன எட்டு மணிப் பால்?" என்று கேட்டதற்கு, "எங்க மாடு லேட்டா எந்திரிக்கும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய் மாத்திரையைப் போட்டுக்கொண்டார்.

மறைப்பது தப்பு என்று இப்போது எனக்குப் பாடம் நடத்துகிறார்கள். மறைக்கக் கற்றுக்கொடுத்தது யார் என்று அவர்களைக் கேட்கிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் அத்தைக்கு வலிப்பு வந்தது. யூனிட்டில்தான். குச்சியோடு குச்சியாகச் சரிந்து விழுந்தார். பெண்கள் கத்தினார்கள். கையில் இரும்பு கொடுக்க வேண்டும் என்று ஒருவர் சொல்ல, ஆளாளுக்கு வீட்டுச் சாவி, பீரோ சாவி, சைக்கிள் சாவி என்று அவர் கையில் திணித்தார்கள். ஐந்து நிமிடத்தில் அத்தை கண் விழித்தார். கையைப் பார்த்தார். "யாரு எனக்கு இத்தன வீட்ட எழுதி வெச்சது?" என்றார். பயத்தில் அழுதுகொண்டிருந்தவர்கள் எல்லோரும் சிரித்துவிட்டார்கள்.

நரம்பு டாக்டரிடம் காட்டினோம். ஸ்கேன் எடுத்தார்கள். மூளையில் ஒரு பழைய தழும்பு இருக்கிறது, அதனால் வலிப்பு வருகிறது, சில வருடங்களாவது மாத்திரை சாப்பிட வேண்டும் என்றார். ஃபெனிட்டாயின் என்று ஒரு மாத்திரை எழுதினார். அதற்கு ஒரு நீல ஃபைல் கொடுத்தார்கள். "சுகர் இருக்கா, பிபி இருக்கா?" என்று கேட்டார். இல்லை என்றார் அத்தை. வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறாய் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அத்தை சொல்லியிருக்க மாட்டார். அவருக்குப் பின்னால் கதவு திறந்தே இருந்தது. வாசலில் இருபது பேர் நின்றுகொண்டிருந்தார்கள்.

வலிப்பு வருகிறவரைத் தனியாக பஸ்ஸில் அனுப்ப முடியாது. அம்மாவும் அப்பாவும் வேலைக்குப் போனால்தான் வீடு ஓடும். நான் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு அத்தையோடு யூனிட்டில் சேர்ந்தேன். அதற்காக யாரும் பரிதாபப்பட வேண்டாம். வகுப்பில் பெயர் கூப்பிட்டால் எழுந்து நிற்கவே எனக்குப் பிடிக்காது. அத்தை பக்கத்தில் உட்கார்ந்து உறை போடுவது எனக்குப் பிடித்திருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகிற நாட்களிலும் நான்தான் கூடப் போவேன். நரம்பு டாக்டரிடம் போகும்போது நீல ஃபைல் மட்டும். ஏ.ஆர்.டி. சென்டருக்குப் போகும்போது பச்சைப் புத்தகம் மட்டும். இரண்டும் ஒரே பையில் ஒருநாளும் வந்ததில்லை. அது நானும் அத்தையும் வைத்துக்கொண்ட சட்டம்.

ஆனால் ஒன்றைத் தெளிவாக எழுதுகிறேன். ஏ.ஆர்.டி. சென்டரில் அத்தை எதையும் மறைக்கவில்லை. அங்கே மறைக்க என்ன இருக்கிறது? வலிப்பு வந்த அடுத்த மாதமே அங்கிருக்கிற ஆலோசகர் அம்மாவிடம் அத்தையே சொன்னார். நான் பக்கத்து ஸ்டூலில் இருந்தேன். ஆலோசகர் அம்மா கன்னடத்தில் பேசுவார், தமிழில் எழுதுகிறேன்.

"மேடம், எனக்கு பிட்ஸ் வந்துச்சு. அதுக்கும் மாத்திரை சாப்பிடறேன்."

"அதெல்லாம் அந்த டாக்டர்கிட்டயே பார்த்துக்கோங்க. இங்கே கொடுக்கற மாத்திரையைத் தவறாமப் போடுங்க. அடுத்தது யாரு?"

அவ்வளவுதான். வெளியில் பெஞ்சு நிறைய ஆட்கள் இருந்தார்கள், அவருக்கும் வேலை அதிகம், எனக்குத் தெரியும். ஆனால் பச்சைப் புத்தகத்தில் 'வேறு மருந்துகள்' என்று ஒரு கட்டம் அச்சடித்தே இருக்கிறது. அதில் அன்றைக்கு அவர் ஒரு சின்னக் கோடு இழுத்தார். ஒன்றுமில்லை என்று அர்த்தம். அதற்கடுத்த மாதமும் ஒரு கோடு. பிறகு எல்லா மாதமும் கோடு. கேட்காமலேயே இழுத்த கோடுகள்.

வைரல் லோட் என்று ஒரு பரிசோதனை எடுப்பார்கள். ரத்தத்தில் கிருமி எவ்வளவு இருக்கிறது என்று அதில் தெரியும். அத்தைக்குப் பல வருடமாக, கிருமி கண்ணில் படாத அளவு என்றுதான் வரும். அந்தச் சீட்டை வாங்கிய நாளில் மட்டும் பஸ் ஸ்டாண்டில் எனக்கு மைசூர் பாகு வாங்கித் தருவார். வலிப்பு மாத்திரை ஆரம்பித்துப் பல மாதம் கழித்து எடுத்தபோது கிருமி ஏறியிருந்தது.

ஆலோசகர் அம்மா கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "பழனியம்மா, எத்தனை நாள் மாத்திரை போடலை?"

"தினமும் போடறேன் மேடம்."

"எல்லாரும் இதைத்தான் சொல்வாங்க. பாட்டிலைக் கொடுங்க."

மாதாமாதம் மீதி மாத்திரையோடு வரச் சொல்லித்தான் எண்ணுவார்கள். அத்தை எப்போதும் இருபத்தேழாம் நாள் போவார், மூன்று இருக்கும். அன்றும் மூன்று இருந்தது. ஆலோசகர் அம்மா பஞ்சை இரண்டு விரலால் வெளியே இழுத்தார்.

"இது எதுக்கு? எண்ணிக்கை தெரியக்கூடாதுன்னா?"

"சத்தம் கேக்கக் கூடாதுன்னு மேடம்."

"மீதியைக் கீழே கொட்டிட்டு மூணை மட்டும் எடுத்துட்டு வர்றவங்களை நான் நிறையப் பார்த்திருக்கேன்."

அத்தை பஞ்சை எடுத்துப் பாட்டிலுக்குள் திரும்ப வைத்தார்.

அடுத்த மூன்று மாதமும் விசேஷ ஆலோசனை என்று கூப்பிட்டார்கள். மாத்திரையின் அருமை பற்றிப் படம் போட்ட அட்டையைக் காட்டினார்கள். திரும்ப ரத்தம் எடுத்தார்கள். இன்னும் ஏறியிருந்தது. அன்றைக்கு ஆலோசகர் அம்மா பச்சைப் புத்தகத்தில் சிவப்பு மையால் எழுதினார்: 'மருந்தை ஒழுங்காக எடுத்துக்கொள்வதில்லை.' அப்பாவுக்கு போன் போட்டும் சொன்னார். என் பக்கம் திரும்பி, "நீதானே கூட இருக்கே? போட்டதும் வாயைத் திறக்கச் சொல்லிப் பாரு. நாக்குக்கு அடியிலும் பாரு" என்றார்.

வீட்டில் அப்பா கத்தினார். "ஒரு மாத்திரைய முழுங்கறதுக்கு உனக்கு என்ன கேடு? செத்துப்போகோணும்னு ஆசையா?"

"அண்ணா, நான் போடறேன்."

"போட்டா ஏன் ஏறுது?"

அதற்குப் பதில் வைத்திருக்க வேண்டியவர்கள் இரண்டு ஆஸ்பத்திரியில் இருந்தார்கள்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு 'பால்' அடித்தது. அத்தை மாத்திரையைப் போட்டார், தண்ணீர் குடித்தார், என் முன்னால் வந்து உட்கார்ந்து வாயைத் திறந்தார். நான் பார்க்க மாட்டேன் என்றேன். "பாரு கண்ணு. உனக்குச் சொன்ன வேலைய நீ செய்யி" என்றார். பார்த்தேன். நாக்கைத் தூக்கிக் காட்டினார். "கடவாப் பல்லு ஒண்ணு சொத்தை. அதையும் அந்தம்மாகிட்டச் சொல்லிப்போடு" என்றார். நான் சிரிக்க வேண்டும் என்றுதான் அதைச் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாற்பத்திரண்டு வயதுப் பெண் தினமும் காலையில் தன் அண்ணன் மகளுக்கு வாயைத் திறந்து காட்டினார். ஐந்து மாதம் காட்டினார். ஒருநாளும் அந்த நாக்கின் அடியில் எதுவும் இருந்ததில்லை. நான் சாட்சி.

அதற்குள் உடம்பு இளைத்துவிட்டது. இருமல் வந்தது, மூச்சு வாங்கியது. வேலைக்குப் போவதை நிறுத்தினார். ஒரு காலையில் குழாயடிக்குக்கூட நடக்க முடியவில்லை. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக ஆட்டோ வந்தது. "எட்டாகட்டும், இரு" என்று உட்கார்ந்திருந்து, மாத்திரையைப் போட்ட பிறகுதான் ஏறினார். அவசரத்தில் நான் நீல ஃபைலையும் பச்சைப் புத்தகத்தையும் ஒரே பையில் போட்டுவிட்டேன். எங்கள் சட்டம் அன்றைக்குத்தான் முறிந்தது.

வார்டில் ஒரு இளம் டாக்டர் அம்மா வந்தார். நுரையீரலில் கடுமையான தொற்று என்றார். பிறகு கட்டிலின் திரையை இழுத்து மூடினார். அதை நான் மறக்க மாட்டேன். மூடிவிட்டு, குரலைத் தாழ்த்தி, "என்னென்ன மாத்திரை சாப்பிடறாங்க? எல்லாம் சொல்லு, விட்டமின் மாத்திரைகூட" என்று கேட்டார். இரண்டு வருடத்தில் அந்தக் கேள்வியை எங்களிடம் கேட்ட முதல் ஆள் அவர்தான்.

அத்தை முகத்தில் ஆக்ஸிஜன் மூடி. என்னைப் பார்த்துக் கையை மெல்ல அசைத்தார். வேண்டாம் என்று சொன்னாரா, எடு என்று சொன்னாரா, எனக்குத் தெரியவில்லை. நான் பச்சையையும் நீலத்தையும் எடுத்துக் கட்டிலில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன்.

டாக்டர் அம்மா இதைப் படித்தார், அதைப் படித்தார், தேதிகளைப் பார்த்தார். "ஐயோ" என்றார். டாக்டர்கள் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

எனக்குப் புரிகிற மாதிரி அவர் சொன்னது இதுதான். நாம் சாப்பிடுகிற மருந்தை ஈரல் கொஞ்சம் கொஞ்சமாக உடைத்து வெளியே அனுப்பும். ஃபெனிட்டாயின் அந்த ஈரலை முடுக்கிவிடும். ஈரல் வேகவேகமாக வேலை செய்து எச்.ஐ.வி. மாத்திரையையும் உடைத்துத் தள்ளிவிடும். மாத்திரை வயிற்றுக்குள் போகும், ஆனால் கிருமியை அடக்கும் அளவுக்கு ரத்தத்தில் நிற்காது. "இவங்க தினமும் ஒண்ணு போட்டிருக்காங்க. உடம்புக்கு அது பத்தலை. வலிப்புக்கு வேற மாத்திரை மாத்தியிருக்கணும். அதை மாத்த முடியலைன்னா இதுல தினமும் ஒண்ணு கூடக் கொடுத்திருக்கணும்."

"இது எல்லா டாக்டருக்கும் தெரியுங்களா?" என்று கேட்டேன்.

"புத்தகத்துல இருக்கறதுதான்" என்று என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

அன்றே வலிப்பு மாத்திரையை லெவிடிராசிட்டம் என்று வேறொன்றுக்கு மாற்றினார். அது ஈரலை முடுக்காதாம். எச்.ஐ.வி. மருந்தையும் கூட்டினார். ஆனால் பழைய மாத்திரையின் வேகம் அடங்கவே இரண்டு வாரமாவது ஆகும் என்றார். அத்தையின் நுரையீரல் அதற்குள் பாதிக்குமேல் போயிருந்தது.

இரண்டு நாள் கழித்து, மூடியைக் கொஞ்சம் எடுக்கலாம் என்று விட்டபோது, டாக்டர் அம்மா சொன்னதை அத்தையிடம் சொன்னேன். கோபப்படுவார், அழுவார் என்று நினைத்தேன். மூடியைக் கையால் தள்ளிப் பிடித்துக்கொண்டார்.

"அப்ப நான் பொய் சொல்லலீன்னு ஆச்சு."

"ஆமாங்க அத்தை."

"அந்தம்மாவுக்கு அது தெரியுமா?"

"தெரியாதுங்க."

"அத யாராச்சும் அவங்ககிட்டச் சொல்லோணும் கண்ணு. உங்கப்பன்கிட்டயும் சொல்லோணும்." மூச்சு வாங்கியது. மறுபடியும் சொன்னார்: "என் பேரு போட்டே சொல்லு. சீக்கு பேரையும் போடு. ரெண்டயும் ரெண்டு பையில வெச்சுத்தானே இப்படி ஆச்சு. இனி எதுக்கு மறைக்கறது?"

அத்தையே சொல்லச் சொன்னார் என்று நான் முன்னால் எழுதியது இதைத்தான்.

அப்பாவிடம் அன்று சாயங்காலமே சொன்னேன். அவர் வார்டுக்கு வந்து அத்தையின் காலடியில் நின்றார். "தெரியாமப் பேசிட்டேன் புள்ள" என்றார். "உக்காரு அண்ணா, காலு வலிக்கும்" என்றார் அத்தை. அதற்குப் பிறகு ஐந்து வாரம் இருந்தார். கடைசி வாரம் என் பெயர் அவருக்கு நினைவில் இல்லை. ஆனால் எட்டு மணிக்கு வாயைத் திறந்தார். மாத்திரைக்காகவா, எனக்குக் காட்டவா, எனக்குத் தெரியாது.

எனக்கு வருகிற கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. வலிப்பை நிறுத்தியது அந்த மாத்திரைதான், அதன்மேல் கோபமில்லை. எச்.ஐ.வி. மாத்திரை அவரைப் பத்து வருடத்துக்கு மேல் காப்பாற்றியது, அதன்மேலும் இல்லை. கேட்காத கேள்வியின்மேல் கோபம். சிவப்புக் காகிதம் ஒட்டிய கையின்மேல் கோபம். மருந்து வேலை செய்யவில்லை என்றால் ஏன் என்று யோசிக்காமல், சாப்பிட்டவள் பொய் சொல்கிறாள் என்று முதலில் முடிவு செய்தார்களே, அதன்மேல் கோபம். ஏழையாக, விதவையாக, ஊதுபத்தி பாக்கெட் கட்டுகிற பெண்ணாக இருந்தால் அவள் சொல்லுக்கு எடையே இல்லையா? நாக்குக்கு அடியில் தேடச் சொன்னவர்கள், அந்த நாக்கு சொன்னதை ஒருமுறை கேட்டிருக்கலாம். 'வாயைத் திறக்கச் சொல்லிப் பாரு' என்று அவர்கள் சொன்னபோது நானும் எட்டிப் பார்த்தேனே, அந்தக் கோபமும் இருக்கிறது.

இதைப் படித்துவிட்டுப் பயந்து யாரும் எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். வலிப்பு மாத்திரையைச் சட்டென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் அம்மா சொன்னார். நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான். உங்கள் எல்லாச் சீட்டையும் ஒரே பையில் போட்டு, ஒரே மேஜையில் வைத்து, "இது எல்லாம் ஒத்துப்போகுமா?" என்று கேளுங்கள். பதில் வரும்வரை எழுந்திருக்காதீர்கள்.

போன செவ்வாய்க்கிழமை நான் ஏ.ஆர்.டி. சென்டருக்குப் போனேன். கையில் பச்சைப் புத்தகம், டாக்டர் அம்மா எழுதிக் கொடுத்த சீட்டு, அத்தையின் கடைசி பாட்டில். பெஞ்சில் என் முறை வருவதற்குள் இரண்டு முறை எழுந்து வாசல் வரை போய்த் திரும்பினேன்.

ஆலோசகர் அம்மா என்னை அடையாளம் கண்டுகொண்டார். "பழனியம்மா வரலையா?"

"இறந்துட்டாங்க."

"ச்சே, பாவம்." பிறகு, பழக்க தோஷத்தில், "சொன்ன மாதிரி போட்டிருந்தா..." என்று ஆரம்பித்தார்.

நான் பாட்டிலை மேஜையில் வைத்தேன். "எண்ணுங்க மேடம்."

"என்ன?"

"புது பாட்டில் பிரிச்சு பதினோராம் நாள் ஆஸ்பத்திரியில சேர்த்தோம். அன்னைக்கும் போட்டுட்டுத்தான் வந்தாங்க. அதுக்கப்புறம் வார்டுலயே கொடுத்தாங்க. எண்ணுங்க."

எனக்குப் பேச வராது என்று நினைத்திருந்தேன். ஆனால் வந்தது. அவர் பஞ்சை எடுத்துவிட்டு மாத்திரைகளை மேஜையில் கொட்டினார். இரண்டிரண்டாக ஒதுக்கி எண்ணினார். பத்தொன்பது. பிறகு டாக்டர் அம்மாவின் சீட்டைப் படித்தார். மறுபடியும் படித்தார்.

"பிட்ஸ் மாத்திரை சாப்பிடறதை அவங்க எங்ககிட்டே சொல்லலியே."

"சொன்னாங்க. இந்த நாற்காலியிலதான் உக்காந்திருந்தாங்க. நான் இந்த ஸ்டூல்ல இருந்தேன். அந்த டாக்டர்கிட்டயே பார்த்துக்கோங்கன்னு நீங்க சொன்னீங்க." பச்சைப் புத்தகத்தைத் திறந்து அந்தச் சின்னக் கோடுகளை வரிசையாகக் காட்டினேன். பிறகு சிவப்பு எழுத்தைக் காட்டினேன். "இதை அடிங்க மேடம்."

"இனிமே அதை அடிச்சு என்னம்மா ஆகப்போகுது? அவங்களே இல்லை."

"அவங்க இல்லை. இது இருக்குதே."

அவருடைய கண் கலங்கியதை நான் பார்த்தேன். அதையும் எழுதுவதுதான் நியாயம். பேனாவை எடுத்துச் சிவப்பு வரியின்மேல் ஒரு கோடு இழுத்தார். பக்கத்தில் தேதி போட்டுக் கையெழுத்திட்டார். 'வேறு மருந்துகள்' கட்டத்தில் கடைசிக் கோட்டுக்கு மேலே ஃபெனிட்டாயின் என்று எழுதினார். இரண்டு வருடம் தாமதமாக.

"உங்க ஃபைல்லயும் இப்படித்தானே எழுதியிருக்கும்?" என்று கேட்டேன்.

"அதை நான் மாத்த முடியாது. டாக்டர்தான் மாத்தணும். அவர் இன்னைக்கு லீவு. அடுத்த வாரம் வா, பார்க்கலாம்."

அத்தை, யூனிட்டில் உங்கள் பலகைக்கு முன்னால் நேற்று ஒரு பிடி குச்சி எடுத்து எண்ணிப் பார்த்தேன். இருபத்து மூன்று வந்தது. சிவண்ணா பார்த்துவிட்டு, அதிகமான மூன்றைக் குவியலில் போட்டுவிட்டுப் போனார். உங்கள் கை எனக்கு வரவில்லை. ஆனால் உங்களுக்கு இருந்த வாய் எனக்கும் கொஞ்சம் வந்திருக்கிறது.

நீங்கள் சொன்னதைப் பாதி செய்துவிட்டேன். புத்தகத்தில் அடித்தாகிவிட்டது. சென்டர் ஃபைலில் இன்னும் இருக்கிறது. உங்கள் போனை நான் அணைக்கவில்லை, அலாரத்தையும் எடுக்கவில்லை. வருகிற செவ்வாய்க்கிழமை எட்டு மணிக்கு 'பால்' என்று அடிக்கும். அடித்ததும் கிளம்புவேன். நீங்கள் நிம்மதியாகப் போங்கள்.